கராஜுக்குள் சிக்கிய தேன்சிட்டு

2008ஆம் ஆண்டு, மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. கனடாவில், மொன்றியலின் மேற்குப் புறத்தில், கர்க்லாண்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜுக்குள் நடந்த சம்பவம் இது. தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு மணித்தியாலம்கூட இராது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முந்திய பத்து வருடங்களைக் கொஞ்சமாவது சொல்லியாக வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது மனைவிக்கு ஏழு மாதம். "பிள்ளை நடக்கத் தொடங்கமுன்னம் ரெண்டு பேரையும் கூப்பிட்டிடுவன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், பால்பற்கள் விழுந்து முளைத்தன. எல்லாம் நான் தொலைபேசியில் கேட்டதுதான். என் அகதி விண்ணப்பம் ஏற்கப்படவே பல வருடங்கள் போயின. பிறகு அவர்களை அழைப்பதற்கான விண்ணப்பம். பிறப்புப் பத்திரத்தில் பெயர் எழுத்துகள் ஒத்துவரவில்லை, நான்தான் தகப்பன் என்று மரபணுச் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. நிரூபித்தேன். அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன்.

முதல் வருடங்களில் மொன்றியல் நகருக்குள், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு அப்பார்ட்மென்டில் நாங்கள் நாலு ஆண்கள் சேர்ந்து இருந்தோம். ஒருவரின் குறட்டை, மற்றவரின் மீன்குழம்பு, கீழ்வீட்டுக்காரரின் தொலைக்காட்சி என்று ஓயாத சத்தம். எப்போது ஒரு தனிவீடு கிடைக்கும் என்று ஏங்கினேன். 2005இல் வேலைக்குப் பக்கத்திலேயே கர்க்லாண்டில் ஒரு சிறிய பழைய வீடு வாடகைக்கு வந்தது. இனி எப்படியும் ஆறு மாதத்தில் அவர்கள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எடுத்தேன். பின்னறை ஒன்றை மகளுக்கென்று ஒதுக்கி, சின்னக் கட்டில் ஒன்றும் வாங்கிப் போட்டேன்.

ஆறு மாதம் மூன்று வருடமாகியது.

மருந்துக் கம்பனியொன்றில் பெட்டி அடுக்கும் வேலை எனக்கு. விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் மூன்று மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்தால் பேச ஒரு ஆள் கிடையாது. அந்தத் தெருவில் யாரும் நடந்து போவதில்லை. கார் வரும், கராஜ் கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அயல். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது, வாசலில் நின்ற பெண் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குப் பிறகு நான் வாயைத் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்வளவில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கண்ணாடிப் போத்தல், இரும்புக் கொளுக்கியில் தலைகீழாகத் தொங்கியது. அடியில் சிவப்புப் பிளாஸ்டிக் பூக்கள். ஏதோ விளக்கு என்று நினைத்துக் கழற்றப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரப் பெண்மணி "நோ, நோ! கொலிப்ரி!" என்று கத்தினார். எனக்கு விளங்கவில்லை. உடனே இரண்டு கைகளையும் தோளுக்குப் பக்கத்தில் வைத்து, விரல்களைப் படபடவென்று அடித்து, உதட்டைக் குவித்து எதையோ உறிஞ்சுவதுபோலச் செய்து காட்டினார். பிறகு நாலு கோப்பை தண்ணீர், ஒரு கோப்பை சீனி, கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும் என்பதையும் கை பாஷையிலேயே சொல்லிக் கொடுத்தார்.

இரண்டாம் நாளே முதலாவது சிட்டு வந்துவிட்டது. பெருவிரல் அளவு. முதுகு பச்சை, கழுத்தில் தணல் வைத்ததுபோல் ஒரு சிவப்பு. அந்தரத்தில் அப்படியே நின்று, நீண்ட மூக்கைப் பிளாஸ்டிக் பூவுக்குள் விட்டு உறிஞ்சியது. இறகுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ரீங்காரம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து மூன்று மணிக்கு வேலை முடிந்தால் நேரே வீடுதான். தேத்தண்ணியோடு பின்படியில் உட்கார்ந்துவிடுவேன். "வாங்கோ, என்ன இண்டைக்குச் சுணங்கிப் போச்சு?" என்று அவற்றோடு கதைக்கவும் தொடங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை. செப்டம்பரில் ஒருநாள் அவை வராமல் நின்றுவிட்டன. குளிருக்கு முன் தெற்கே போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. நான்தான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து, சீனித் தண்ணீர் போத்தலிலேயே உறைந்து கட்டியாகும் வரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குத் தொலைபேசி எடுப்பேன். மகளோடு என்ன கதைப்பது என்று தெரியாது. சாப்பிட்டாயா, படிக்கிறாயா என்று கேட்பேன். ஓம், ஓம் என்பாள். ஒருமுறை இந்தச் சிட்டைப் பற்றிச் சொன்னேன்.

"தேன்சிட்டு இஞ்சயும் வருகுதுதானே?" என்றாள்.

"இது வேற மாதிரி, அம்மா. பின்பக்கமாயும் பறக்கும்."

"பொய்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் சண்டை திரும்பத் தொடங்கியது, யாழ்ப்பாணத்துப் பாதையும் மூடப்பட்டது. சில மாதங்கள் தொடர்பே அறுந்து அறுந்துதான் கிடைத்தது. "நாங்கள் மாமி வீட்டில சுகமா இருக்கிறம், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று மனைவி சொல்வாள். "இஞ்ச எனக்கும் ஒரு குறையும் இல்லை, சிநேகிதர்மார் எந்நேரமும் வந்து போவினம்" என்று நான் சொல்வேன்.

ஒருவழியாக விசா கிடைத்து, 2008 ஜனவரியில் இருவரும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் மகளை முதல்முதலாக நேரில் பார்த்தேன். பத்து வயது. தாயின் பின்னால் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி "வணக்கம்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு வரும் விருந்தினருக்குச் சொல்வதுபோல. நான் கொண்டுபோயிருந்த குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டேன். சட்டையின் கை அவளுடைய முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. என் மனதில் இருந்த சின்னப் பிள்ளைக்கு அளவெடுத்து வாங்கியிருக்கிறேன்.

அதன் பிறகுதான் உண்மையான தனிமை எது என்று எனக்குத் தெரிந்தது. முன்பு வெறும் வீட்டில் தனியாக இருந்தேன். இப்போது ஆட்கள் உள்ள வீட்டில் தனியாக இருந்தேன். தாயும் மகளும் குசினிக்குள் ஏதோ கதைத்துச் சிரிப்பார்கள். நான் போனால் சிரிப்பு நின்றுவிடும். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அவர்களுடைய பகிடிகள் எல்லாம் பத்து வருடப் பகிடிகள். அதில் ஒன்றிலும் நான் இல்லை. மகள் என்னை ஒன்றும் கூப்பிட மாட்டாள். ஏதாவது தேவையென்றால் "அவரிட்டக் கேளுங்கோ அம்மா" என்பாள், நான் அதே அறையில் இருக்கும்போதே.

நான் என்ன செய்தேன்? பொருட்களாக வாங்கிக் குவித்தேன். சைக்கிள், கம்பியூட்டர், பனிச்சறுக்குச் சப்பாத்து. வேலையால் வரும்போதெல்லாம் கையில் ஏதாவது பொதி இருக்கும். "பிள்ளை, உனக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே திரிவேன். "ஒண்டும் வேண்டாம்" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"கொஞ்சம் பொறுங்கோவன்" என்றாள் மனைவி. "அவளுக்கு உங்கட குரலைத்தான் தெரியும். முகத்தைத் தெரியாது."

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மே மாதம் சிட்டுகள் வரும், அவள் பார்ப்பாள், எல்லாம் சரியாகிவிடும். மே தொடக்கத்திலேயே போத்தலைக் கழுவி நிரப்பித் தொங்கவிட்டேன். சிட்டுகளும் வந்தன. ஆனால் அவள் பிரெஞ்சு பழகும் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தன. நான் இழுத்துக்கொண்டுபோய்ப் படியில் உட்கார்த்தினால் ஒன்றும் வராது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "நான் போறன்" என்று எழும்பிவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை மனைவி, என்னோடு வேலை செய்யும் ஒருவரின் குடும்பத்தோடு பார்க் எக்ஸ்டென்ஷனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். மகள் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். நானும் அவளும் தனியாக வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. அவள் அறைக்குள் இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் கராஜுக்குப் போய்ப் பெரிய கதவைத் திறந்துவைத்து, காரின் குளிர்காலத்து ரயர்களைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தேன்.

மின்சாரம் இல்லாவிட்டால் கராஜ் கதவைக் கையால் திறப்பதற்காக, கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் சிவப்புக் கைப்பிடி. அதைப் பூவென்று நினைத்திருக்க வேண்டும். கழுத்தில் சிவப்பில்லாத ஒரு பெண்சிட்டு, ரீங்காரத்தோடு உள்ளே வந்து அந்தக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகளைக் கூப்பிடலாம் என்று திரும்பியதில், என் கையிலிருந்த, ரயர் கழற்றும் இரும்புச் சாவி நழுவி நிலத்தில் விழுந்து கணீரென்றது. சிட்டு வெருண்டு மேலே எழும்பியது. கூரையில் முட்டியது. மறுபடி முட்டியது.

இந்தச் சிட்டுகளுக்குப் பயம் வந்தால் மேலே மட்டும்தான் போகத் தெரியும். கீழே ஒரு கார் போகுமளவுக்கு வாசல் ஆவென்று திறந்துகிடக்கிறது. அது கூரையோடு கூரையாக அடித்துக்கொண்டு திரிகிறது. நான் நிலம் கூட்டும் தும்புத்தடியை எடுத்து மேலே நீட்டி, வாசல் பக்கமாகத் துரத்தப் பார்த்தேன். மேலே மடிந்து கிடந்த கதவுக்கும் கூரைக்கும் இடையில் அது போய்ப் புகுந்துகொண்டது. அங்கிருந்து கலைத்தேன். மூலையில் போய் மோதியது. ஒரு சின்னஞ்சிறு இறகு சுழன்று சுழன்று கீழே வந்தது. நான் "போ, போ, வெளியில போ" என்று கத்தியபடி இன்னும் வேகமாக வீசினேன்.

"அடிக்காதேங்கோ! அப்பா, அடிக்காதேங்கோ!"

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவடியில் மகள் நின்றாள். என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"நான் அடிக்கேல்லை, பிள்ளை. வெளியில விடத்தான் பாக்கிறன்."

"அது அதுக்குத் தெரியுமோ? நீங்கள் துரத்தத் துரத்த அது மேலதான் போகும். லைற்றை நிப்பாட்டுங்கோ. அந்தத் தடியைக் கீழ போடுங்கோ. இருங்கோ."

ஐந்து மாதத்தில் அவள் என்னோடு பேசிய மொத்தச் சொற்களைவிட அது அதிகம். நான் விளக்கை அணைத்தேன். அவள் ஓடிப்போய்ப் பின்வளவிலிருந்து போத்தலைக் கழற்றி வந்து, வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு கதிரையில் கட்டினாள். பிறகு என் பக்கத்தில் வந்து, அடுக்கியிருந்த ரயர்களில் உட்கார்ந்தாள்.

சிட்டு மேலே ஒரு கம்பியில் இருந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. இடைக்கிடை எழும்பிக் கூரையில் முட்டும், திரும்ப இருக்கும். நான் எழும்பப் போவேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும் இதெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்து மண்டபம், அந்த ஹோலுக்குள்ள சிட்டுக்குருவி வந்து மாட்டுறது. பெடியள் கல்லெறிஞ்சு கலைப்பாங்கள். அது சுவரில அடிபட்டுச் செத்துப்போம். பேந்து நாங்கள் எல்லாரும் சத்தம் போடாமல் நிலத்தில குந்தியிருக்கப் பழகினனாங்கள். அப்ப அது தானாப் போகும்."

"படிக்கிற நேரத்திலயோ?"

"இல்லை. நாங்கள் அங்க இருந்த நேரம்."

"எங்க?"

"அந்த ஹோலிலதான். செல்லடிக்கு ஓடிப்போய் இருந்தம். நாலு மாதம்." என்னைப் பார்க்காமல் சிட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு சீலையைக் கட்டி மறைச்சு நானும் அம்மாவும். அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். மழை வந்தால் நாங்கள் படுக்கிற இடத்தில ஒழுகும். அம்மா என்னைக் கொண்டுபோய் மேசைக்கு மேல படுக்க வைப்பா."

மாமி வீட்டில் சுகமாக இருக்கிறோம் என்று நான் கேட்டது அந்த நாலு மாதமும்தான். தொடர்பு கிடைத்த ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும், ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கையெல்லாம் துடித்தது. ஆனால் அவள் சிட்டைப் பார்த்துக்கொண்டு, தன்பாட்டில், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் புகுந்தால் நின்றுவிடும் என்று பட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஹோலில் தனக்கு இருந்த சிநேகிதி, அவளுடைய தம்பிக்கு வந்த காய்ச்சல், கிணற்றடி வரிசை, யாழ்ப்பாணத்தை விட்டு வந்த கப்பலில் தான் சத்தி எடுத்தது. என் பிள்ளையின் வாழ்க்கையை நான் முதல்முதலாக அந்த அரையிருட்டில், ரயர் மணத்துக்கு நடுவே கேட்டேன்.

திடீரென்று சிட்டு விழுந்தது. பறந்து இறங்கவில்லை, பழுத்த இலைபோல விழுந்தது. சுவரோரம் சீமெந்துத் தரையில் இறகை விரித்துக்கொண்டு கிடந்தது. கண் மூடியிருந்தது.

"செத்துப்போச்சு" என்றேன்.

அவள் முழந்தாளில் போய், இரண்டு கைகளாலும் அள்ளினாள். "அப்பா, பாரமே இல்லை" என்றாள். பிறகு, "உள்ளங்கை குறுகுறுக்குது. நெஞ்சு அடிக்குது! போத்தலைக் கொண்டு வாங்கோ!"

கட்டியிருந்த போத்தலை அவிழ்க்க என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஒருவாறு கொண்டுவந்து, பிளாஸ்டிக் பூவின் துளையை அதன் மூக்கு நுனியில் பிடித்தேன். அவள் சிட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மற்றக் கையின் சின்ன விரல்களால் என் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. பிறகு மூக்கிலிருந்து நூல்போல ஒரு நாக்கு வெளியே வந்தது. ஒருமுறை. இன்னொருமுறை. போத்தலுக்குள் ஒரு குமிழி மேலே போனது.

வெளியே வெயிலுக்குக் கொண்டுபோனோம். அவளுடைய விரித்த கையில் அது எழும்பி இருந்து, இறகை உதறி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. நாங்கள் இருவரும் அசையவில்லை. அடுத்த கணம் கை வெறுமையாக இருந்தது. பக்கத்து வீட்டு மரவேலிக்கு மேலால் ஒரு பச்சைப் பொட்டுப் போவதை மட்டும்தான் கண்டேன். மகள் வெறுங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "பசிக்குது" என்றாள். இரண்டு முட்டை பொரித்துப் பாணோடு கொடுத்தேன். முன்னால் இருந்து சாப்பிட்டேன்.

மத்தியானம் மனைவி வந்ததும் ஹோலைப் பற்றிக் கேட்டேன். சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்? இஞ்ச தனிய இருந்து அழுதிருப்பியள்."

"சிநேகிதர்மார் வந்து போகினம் எண்டு நானும்தான் சொன்னனான்" என்றேன். "ஒருத்தரும் வாறேல்லை. குருவியளோடதான் கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மனைவியும். அந்த வீட்டில் என்னைப் பற்றிய முதலாவது பகிடி அதுதான்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அதன் பிறகும் பல நாள் அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. கோபம் வந்தால் "அவர்" என்பது திரும்பி வரும். ஆனால் நான் பொதிகள் வாங்கிக்கொண்டு அவள் பின்னால் திரிவதை விட்டுவிட்டேன். பின்னேரத்தில் படியில் போய் இருப்பேன். அவளாக வந்தால் வருவாள், வந்தால் சிலவேளை கதைப்பாள். கதைக்காத நாட்களில் இரண்டு பேரும் சும்மா இருப்போம். அப்படியே அவள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள்.

அந்தக் காலையை நினைக்கும்போது சிட்டு பிழைத்ததைவிட, நான் தும்புத்தடியை வீசிய விதம்தான் முதலில் ஞாபகம் வரும். அதைக் காப்பாற்றத்தானே வீசினேன்? இப்போதும் வீட்டில் யாராவது மனம் நொந்து ஒதுங்கி இருந்தால், உடனே எதையாவது செய்துவிட வேண்டும் என்று என் கை துடிக்கும். அந்தக் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவர்களாகப் பேசும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் இன்னமும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.